மணியோசை முன்னே வரட்டும்

(எங்கள் ஊர் வாசிகசாலையின் ஆண்டு விழாவில் பேசியது. ஒலிபெருக்கி இரண்டு தடவை நின்றுபோனதால் பின்வரிசைக்குக் கேட்காத பகுதிகளையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

அவைத் தலைவர் அவர்களே, வேலைப் பளுவுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி அவர்களே, கோயில் வண்ணக்கர் ஐயா அவர்களே, காத்தான்குடியிலிருந்து நம்மை மதித்து வந்திருக்கும் பள்ளிவாசல் நிருவாகத்தினரே, எண்பதைத் தாண்டியும் கைத்தடி இல்லாமல் நடந்து வந்த எங்கள் பழைய அதிபர் அவர்களே! மூன்றாம் வகுப்பில் என்னை வாங்கின் மேல் ஏற்றி நிறுத்தியவர் இவர்தான். இன்று நான் மேலே நிற்கிறேன், அவர் கீழே இருக்கிறார். தண்டனை என்னவோ அவருக்குத்தான்.

வயலுடைய போடியார்மாரே, தாய்மாரே, பிள்ளைகளே! போன வருடம் கிராம உத்தியோகத்தரை விளிக்க மறந்து ஆறு மாதம் அவர் முகம் பார்க்க முடியாமல் திரிந்தேன். ஆகவே, கிராம உத்தியோகத்தர் அவர்களே, கிராம உத்தியோகத்தர் அவர்களே, வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு 'உலக நாடுகளின் பொலிஸ் வாகனங்கள்'. பொறுப்பதிகாரியை எதிரே உட்கார வைத்து இதைப் பேசச் சொன்னது வாசிகசாலைப் பையன்களின் குறும்பு. நிறம், ஒலி, வேகம், வாகனத்தின் மேல் எழுதும் மொழி என்று நான்கு விடயங்களைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். நான்குக்கும் தலைவாசல் ஒரே பழமொழிதான்: யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே.

பொலிஸ் கார் என்றால் என்ன? மணி கட்டிய யானை. 1899இல் அமெரிக்காவின் அக்ரன் நகரம் முதன்முதலாகப் பொலிசுக்கு மோட்டார் வண்டி வாங்கியபோது அதில் ஒரு சேமக்கண்டியைத்தான் பொருத்தினார்கள். அது பெற்றோலில் அல்ல, மின்கலத்தில் ஓடியது. மணிக்கு 25 கிலோமீற்றர் அளவில் போகும். அதன் முதல் வேலை, தெருவில் குடித்துவிட்டு நின்ற ஒருவரை ஏற்றி வந்தது. (இங்கே சிலர் திரும்பிப் பார்த்தார்கள். யாரை என்று எழுத மாட்டேன்.)

நிறத்துக்கு வருவோம். அமெரிக்காவில் நகரத்துக்கு ஒரு பொலிஸ், மாவட்டத்துக்கு ஒரு பொலிஸ் என்பதால் ஊருக்கு ஊர் வர்ணம் மாறும். ஆனாலும் கறுப்பும் வெள்ளையும்தான் பெயர் பெற்றது. யப்பானிலும் கறுப்பு வெள்ளைதான், மேலே சிவப்பு விளக்கு மட்டும். ஜேர்மனியில் நெடுங்காலம் பச்சையாக இருந்து பின்பு நீலத்துக்கு மாறினார்கள். அங்கே விளக்கு நீலமானதற்குக் காரணம் போர்க்கால இருட்டடிப்பு: மேலே பறக்கும் விமானத்துக்கு நீல வெளிச்சம் எளிதில் தெரியாது என்று கணக்குப் போட்டார்கள். பயந்து வைத்த நிறம் பழக்கமாகிவிட்டது.

எனக்குப் பிடித்தது இங்கிலாந்துக்காரர் செய்தது. 1960களில் அவர்களின் ரோந்துக் கார்கள் இளநீலமும் வெள்ளையுமாக இருந்தன. 'பண்டா' என்று மக்கள் செல்லப்பெயர் வைத்தார்கள். பிறகு வெள்ளைக் காரின் இடுப்பில் சிவப்புப் பட்டி கட்டினார்கள். அதற்கு 'ஜாம் சாண்ட்விச்' என்று பெயர். 1990களில் ஆராய்ச்சி செய்து, மஞ்சளும் நீலமுமாகப் பெரிய பெரிய சதுரங்களை ஒட்டினார்கள். அம்புலன்சுக்கு மஞ்சளும் பச்சையும். வெட்டினால் சதுரம் சதுரமாகத் தெரியும் பாட்டன்பேர்க் கேக்கின் பெயரே அந்தக் கோலத்துக்கும் வந்தது. பிரித்தானியருக்கு வாகனத்தைக் கண்டாலும் வயிற்று நினைவுதான் போலும்.

ஏன் ஒட்டினார்கள்? கள்வனைப் பிடிக்கவா? இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திய பொலிஸ் காரின் மேலேயே வேகமாக வரும் வாகனங்கள் மோதிக்கொண்டிருந்தன. நிற்கிற கார் 500 மீற்றருக்கு அப்பாலேயே கண்ணில் பட வேண்டும் என்று கணக்கு வைத்து ஒளிதெறிக்கும் தாளில் அந்தச் சதுரங்களை வெட்டி ஒட்டினார்கள். அந்தத் தாளுக்கு மின்சாரம் வேண்டாம், பற்றரி வேண்டாம். வருகிறவனுடைய வெளிச்சத்தை அவனுக்கே திருப்பிக் கொடுக்கும்.

இந்தத் தத்துவத்தை என் பெரியப்பா 1970களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்திருந்தார். சொல்கிறேன், தேநீர் கொஞ்சம் ஆறட்டும்.

பெரியப்பா கூத்துக்காரர். மண்டூர்ப் பக்கம் ஒரு களரியில் இரவு முழுதும் தருமராக ஆடிவிட்டு, விடியப் புறத்தில் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். எனக்கு எட்டு வயது, முன் பாரில் அரைத் தூக்கத்தில் இருக்கிறேன். டைனமோ எப்போதோ செத்துப்போயிருந்தது. சிரட்டைக்குள் குப்பி விளக்கை வைத்து ஹாண்டிலில் கட்டியிருந்தார். வாவிக் காற்று அதையும் ஊதி அணைத்துவிட்டது. அலுப்பில் கிரீடத்தையும் மார்புப் பதக்கத்தையும் கழற்றாமலே மிதித்தார். இரண்டிலும் கண்ணாடித் துண்டுகள் பதித்திருக்கும்.

எதிரே ஒரு பொலிஸ் ஜீப். எந்த நிலையத்து ஜீப் என்று சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு கண்தான் எரிகிறது. நிறுத்தினார்கள்.

"விளக்கில்லாமல் யாரடா அது?"

"தருமராசன், ஐயா."

"தருமராசனுக்கு விளக்கு வேண்டாமோ?"

"இருந்தது ஐயா. சூதில் போய்விட்டது."

கொன்ஸ்தாபல்மார் சிரித்துவிட்டார்கள். பெரியப்பா அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "ஐயாமாருடைய ஜீப்பின் மற்றக் கண்ணும் சூதில்தான் போனதோ?" என்று கேட்டார். நான் விழித்துக்கொண்டு அழத் தொடங்கினேன். சார்ஜன் இறங்கி வந்து கிரீடத்தைத் தொட்டுப் பார்த்து, "வெளிச்சம் பட்டு இது மினுங்கியிராவிட்டால் உன்னைக் கண்டிருக்கவே மாட்டோம். ஏற்றி நசித்துவிட்டுப் போயிருப்போம்" என்றார். வழக்கு எழுதவில்லை. ஆனால் ஜீப் புறப்படவும் இல்லை. கிரீடத்தோடு தருமர் பின்னால் நின்று தள்ள, வீமன் இல்லாத குறைக்கு நானும் தள்ளினேன்.

அவைத் தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஒலியையும் மொழியையும் பிறகு பார்த்துக்கொள்வோம். வேகத்துக்கு வருகிறேன். துபாய்ப் பொலிசிடம் மணிக்கு 407 கிலோமீற்றர் ஓடும் புகாட்டி கார் இருக்கிறது. அது அழகு காட்ட, விட்டுவிடலாம். இத்தாலிப் பொலிசிடம் லம்போர்கினி இருக்கிறது. 2020இல் பாதுவா நகரிலிருந்து ரோமாபுரிக்கு, ஏறக்குறைய 500 கிலோமீற்றர் தூரம், ஒரு நோயாளிக்குப் பொருத்த வேண்டிய சிறுநீரகத்தை அதில் கொண்டு போய்ச் சேர்த்தார்கள். இரண்டு மணித்தியாலம்தான் எடுத்தது. அந்த வாகனத்துக்கு நான் எழுந்து நின்று வணக்கம் வைப்பேன்.

போடியார்மாரே, இனி உங்கள் பக்கம். லம்போர்கினி என்ற அந்த மனிதர் கார் செய்ய முன்பு என்ன செய்தார் தெரியுமா? உழவு இயந்திரம்! நெல்லை ஏற்றிக்கொண்டு படுவான்கரையில் ஓடுகிறதே, அதே சாதிதான். இத்தாலிக்காரன் தன் லம்போர்கினிக்கு நீல விளக்குப் பூட்டினான். நாம் நம்முடையதின் பின்னால் ஒரு சிவப்பு வில்லையாவது ஒட்டினோமா?

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. வெல்லாவெளிப் பக்கம் வருகிற காட்டு யானைக்கு மணி இல்லை. அதைக் குற்றம் சொல்ல முடியாது. கட்டாக்காலி மாட்டுக்கும் மணி இல்லை. இருட்டில் மாட்டின் கண் ஒளிரும் என்பார்கள். அது நம்மைப் பார்த்தால்தானே? கல்முனை வீதியில் படுத்திருக்கும் மாடு எப்போதும் நமக்கு முதுகைத்தான் காட்டும். ஆனால் உழவு இயந்திரம் இழுத்துப் போகும் பெட்டிக்கு உடைமைக்காரன் இருக்கிறான். கடந்த பெரும்போக அறுவடையில், வைக்கோல் ஏற்றி இருட்டில் நிறுத்தியிருந்த பெட்டியின் பின்னால் என் தங்கையின் மகன் மோட்டார் சைக்கிளோடு போய் மோதினான். இன்னும் காலை ஊன்றி நடக்கவில்லை. பெட்டி யாருடையது என்று சொல்ல நான் மேடை ஏறவில்லை. அவர் இங்கே இருக்கிறார், என்னிடம் அழுதும் விட்டார்.

பொறுப்பதிகாரி அவர்களே, வழக்குப் போடுங்கள் என்று கேட்க மாட்டேன். அறுவடைக்கு முன் ஒரு நாள் வயல் வீதியில் நில்லுங்கள், ஒட்டாத பெட்டிக்கு ஒட்டிவிட்டு அனுப்புங்கள். பிரதேச செயலாளர் அவர்களே, கமக்காரர் கூட்டத்தில் பத்து நிமிடம் எனக்குத் தாருங்கள். பத்து நிமிடத்தில் நான் முடிக்க மாட்டேன் என்பது உங்களுக்கே தெரியும், ஆனாலும் தாருங்கள்.

ஓய்வூதியப் பணத்தில் இரண்டு சுருள் ஒளிதெறிக்கும் தாள் வாங்கி வந்திருக்கிறேன். வாசலில் மேசையின் மேல் இருக்கிறது. முன்பக்கத்துக்கு வெள்ளை, பின்பக்கத்துக்குச் சிவப்பு. விழாவுக்குக் கதிரைகள் ஏற்றி வந்த பெட்டி ஒன்று மதிலோரம் நிற்கிறது, பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். தேநீர் ஊற்றுவதற்குள் அதை முடித்துவிடலாம். யாராவது ஒரு கத்தரிக்கோல் கொண்டு வாருங்கள்.