பத்துப் பேருக்கு ஒருவர்

நடுவர் அவர்களே, வணக்கம். டீன் பதவிக்கு வலு சேர்ப்பது அதிகாரமா, உடனிருப்போரின் நம்பிக்கையா? நம்பிக்கையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் அரசு மருத்துவக் கல்லூரி டீனைக் காட்டி மிரட்டிவிட்டுப் போனார். கல்லூரியும் அவர் கையில், மருத்துவமனையும் அவர் கையில், இது அதிகாரம் இல்லையா என்றார். அதிகாரந்தான். ஆனால் அது அரசாணை போட்டுக் கொடுத்த நாற்காலி. அந்தப் பெயர் பிறந்த வீட்டைப் பார்க்க வேண்டாமா?

'டீன்' வந்தது லத்தீனின் 'தெக்கானுஸ்' என்ற சொல்லிலிருந்து; பத்துப் பேருக்குத் தலைவர் என்று பொருள். 6-ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) துறவு மடங்களுக்கு எழுதிய ஒழுங்கில், டீன்களை மூப்பு பார்த்துப் பொறுக்காதீர்கள், நடத்தையையும் ஞானத்தையும் பாருங்கள் என்கிறார். தலைக்கனம் ஏறினால்? மூன்று முறை வரை கண்டிப்பு. அதற்கும் மசியாவிட்டால் பதவி போய்விடும்!

கத்தோலிக்கத் திருச்சபையில் போப்புக்கு அடுத்த நிலையில் இருக்கும் கர்தினால்மார் குழுவுக்கும் ஒரு டீன் உண்டு. மற்றக் கர்தினால்கள்மீது அவருக்கு ஆளுகை அதிகாரம் கிடையாது, சமமானவர்களில் முதல்வர் மட்டுமே என்கிறது திருச்சபைச் சட்டம். 2025-இல் போப் பிரான்சிஸ் மறைந்தபோது அடக்கத் திருப்பலியை நிறைவேற்றியவர் டீன் ஜொவான்னி பத்திஸ்தா ரே. வயது 91. எண்பதைக் கடந்தவருக்கு வாக்கு இல்லை; புதிய போப்பைத் தேர்ந்தெடுக்கச் சிஸ்டைன் சிற்றாலயக் கதவு சாத்தப்பட்டபோது அவர் வெளியே இருந்தார். ஆனால் அதற்கு முந்தைய நாள்களில் கர்தினால்கள் கூடிப் பேசியதெல்லாம் அவர் தலைமையில்தான். ஓட்டே இல்லாதவரிடம் எந்த அதிகாரத்தைக் கண்டு அமர்ந்திருந்தார்கள், நண்பரே?

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் டீனைப் பீடாதிபதி என்பார்கள்; அவரை அந்தப் பீடத்தின் சபையே தேர்ந்தெடுக்கிறது, 3 ஆண்டுகளுக்கு. அது முடிந்தால் யாரை அதட்டினாரோ அவர் பக்கத்திலேயே போய் உட்கார வேண்டும். அந்த நினைப்பு ஒன்று போதாதா, குரலைத் தணிக்க?

நான் படித்த கல்லூரியில் இரண்டு துறைத்தலைவர்கள், செவ்வாய்க்கிழமை மதியம் ஆய்வகம் யாருக்கு என்று மல்லுக்கு நின்றார்கள். டீன் கால அட்டவணையை மேசையில் விரித்தார். பென்சிலை எடுத்துத் தன் சொந்த வகுப்பை அடித்துவிட்டுச் சனிக்கிழமைக்கு மாற்றி எழுதினார். ஒருவருக்குச் செவ்வாய், இன்னொருவருக்கு அவர் விட்டுக்கொடுத்த வியாழன். தேநீர் ஆறுவதற்குள் சண்டை முடிந்தது. சுற்றறிக்கை அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். அவருக்கு முன்பிருந்தவர் அனுப்பினார். அறிவிப்புப் பலகையில் அது வெயில் பட்டு வெளுத்துக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அமர்கிறேன்.