படம் வரையும் கையும் மருந்து எழுதும் கையும்

(புதுச்சேரியில் செவிலியர் பயிற்சி மாணவியரும் ஓவிய, சிற்ப மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கான நோய் ஆதரவுச் சிகிச்சையில், அதாவது வலியையும் துன்பத்தையும் தணித்துக் குழந்தையைத் தாங்கும் பாலியேட்டிவ் கேரில், கற்பனைக்கும் கூட்டுழைப்புக்கும் என்ன வேலை என்று பேசச் சொன்னார்கள். மருந்தைப் பற்றிப் படிப்பவர்களும் வண்ணத்தைப் பற்றிப் படிப்பவர்களும் ஒரே அவையில் அமர்ந்து இதைக் கேட்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். பெரிய டாக்டர் கைவிரித்த பிறகு அனுப்பிவைக்கும் இடம்தான் இந்தச் சிகிச்சை என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1998லேயே, குழந்தைகளுக்கான ஆதரவுச் சிகிச்சை நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே தொடங்க வேண்டும் என்றும், நோயைத் தீர்க்கும் மருத்துவம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது தொடர வேண்டும் என்றும், குழந்தையின் உடல், மனம், உள்ளார்ந்த நம்பிக்கை ஆகியவற்றோடு குடும்பத்தையும் சேர்த்தே அது தாங்க வேண்டும் என்றும் வரையறுத்துவிட்டது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. வசதி மிக்க நாடுகளில் அவர்களில் 80 விழுக்காட்டினருக்கு மேல் குணமாகிறார்கள். வசதி குறைந்த நாடுகள் பலவற்றில் 30 விழுக்காட்டினர்கூடத் தேறுவதில்லை. குணமாகப் போகிற குழந்தைக்கும் ரத்தப் புற்றுநோய் மருத்துவம் இரண்டு, மூன்று ஆண்டுகள் நீள்கிறது. அந்த ஆண்டுகளின் வலியும் வாந்தியும் ஊசிப் பயமும் பள்ளியைப் பிரிந்த ஏக்கமும் ஆதரவுச் சிகிச்சையின் பொறுப்பில்தான் வருகின்றன. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் விடியற்காலைப் பேருந்தில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு வந்து இறங்கும் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்ததாக, ஓவிய மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய ஒன்று. வலிக்கு மருந்துதான் முதலில் வர வேண்டும். கடுமையான வலியில் இருக்கும் குழந்தைக்குத் தகுந்த அளவில், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, வாய்வழியாகக் கொடுக்கும், ஓபியம் வகை வலி மருந்தான மார்ஃபின் திரவத்துக்கு மாற்றாக எந்தக் கலையும் நிற்க முடியாது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் ஏற்படுத்திய அனுமதிச் சிக்கல்களால் நம் நாட்டில் நெடுங்காலம் பல மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கி வைக்கவே தயங்கின. 2014இல் வந்த திருத்தம் அந்த வழியை எளிதாக்கியது. அப்படியிருந்தும் அதைத் தரத் தயங்குவோரும், பழக்கமாகிவிடும் என்று அஞ்சி வாங்க மறுக்கும் பெற்றோரும் இன்னும் இருக்கிறார்கள். வலியில் துடிக்கிற பிள்ளையின் கையில் வண்ணக்குச்சியைத் திணிப்பதைக் கொடுமை என்றே சொல்வேன்.

ஆனால் அந்த மருந்தின் அளவை எதை வைத்து முடிவு செய்கிறோம்? வலி எங்கே, எவ்வளவு, எப்படி என்பது குழந்தைக்கு மட்டுமே தெரியும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், தீக்காயப் பிரிவில் பணியாற்றிய டோனா வாங், கோனி பேக்கர் ஆகிய இருவரும், எண்களால் தங்கள் வலியைச் சொல்ல முடியாமல் தவித்த குழந்தைகளிடம் வெற்று வட்டங்களைக் கொடுத்து முகம் வரையச் சொன்னார்கள். சிரிக்கும் முகத்தில் தொடங்கிக் கண்ணீர் வடிக்கும் முகத்தில் முடியும் ஆறு முகங்களைக் கொண்ட, இன்று உலகெங்கும் வார்டுச் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும் வலி அளவுகோல் அப்படித்தான் பிறந்தது. மருத்துவத்தின் ஒரு கருவியையே நோயாளிக் குழந்தைகள் ஆக்கித் தந்திருக்கிறார்கள். நான் கூட்டுழைப்பு என்று சொல்லும்போது அந்தக் கூட்டத்தில் குழந்தையையும் ஓர் உறுப்பினராகவே எண்ணிக்கொள்கிறேன்.

நான் பணியாற்றிய ஒரு வார்டில், முகங்களைக் காட்டிக் கேட்டால் எப்போதும் சிரிக்கும் முகத்தையே தொட்டுக் காட்டும் எட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அருகில் அம்மா இருப்பார்; அவர் அழக்கூடாது என்பதுதான் அவன் கவலை. ஓர் ஓவிய மாணவர் அவனைப் பெரிய தாளில் படுக்கவைத்து உடலின் எல்லைக்கோட்டை வரைந்து, உள்ளே என்ன இருக்கிறதோ போட்டுக்கொள் என்று விட்டுவிட்டார். இரண்டு பாதங்களிலும் அடர்த்தியாகப் புள்ளி வைத்தான். என்னவென்று கேட்டதற்கு, "கட்டெறும்புண்ணா. ராத்திரியில வருது" என்றான். வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்து நரம்புகளைத் தாக்கும்போது காலில் இப்படித்தான் ஊரும், சுருக்கென்று குத்தும். அந்த வலிக்கு வழக்கமான வலி மருந்து மட்டும் போதாது, நரம்பு வலிக்கென்று தனி மருந்து சேர்க்க வேண்டும். அந்த மாணவருக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் மாலையில் பணி மாறும் நேரத்தில் செவிலியரிடம் அந்தப் படத்தைக் காட்டிவிட்டுத்தான் போனார், செவிலியர் அதைக் கேஸ் ஷீட்டோடு வைத்தார், மறுநாள் காலை மருத்துவர் பார்த்தார், மருந்து மாறியது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அது அழகான படம் என்ற பாராட்டோடு சுவரில் தொங்கியிருக்கும், கட்டெறும்புகள் இரவில் வந்துகொண்டே இருந்திருக்கும். எனவேதான், குழந்தைகளுக்குப் பொழுதுபோக்கு என்று ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவிட்டு, அந்த நேரத்தில் நடப்பதை மருத்துவக் குழு கேட்டே அறியாத ஏற்பாடுகளை நான் தொடர்ந்து எதிர்த்துவருகிறேன்.

இதிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. கறுப்பு வண்ணம் என்றால் சாவுப் பயம், சன்னல் இல்லாத வீடு என்றால் தனிமை என்று அகராதி பார்ப்பதுபோல் படங்களைப் படிப்பவர்கள் உண்டு. பெட்டியில் மற்ற வண்ணங்கள் தீர்ந்திருக்கலாம். "இதைப் பத்தி எனக்குச் சொல்றியா?" என்று கேளுங்கள், சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

நம் பகுதிக்கே உரிய ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கடலூர், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தெருக்கூத்து தெரியும். கோயில் திருவிழாவில் விடிய விடியப் பார்த்தவர்கள். கூத்தில் ராஜாவை எதிரில் நின்று கேள்வி கேட்கும் உரிமை கட்டியக்காரன் ஒருவனுக்குத்தான் உண்டு. கூத்துக் கலைஞர் ஒருவர், முகவீணையோ மத்தளமோ இல்லாமல், அட்டைக் கிரீடத்தோடு வார்டுக்கு வந்தார். மருத்துவர்தான் ராஜா என்று பிள்ளைகளே முடிவு செய்துவிட்டார்கள். கட்டியக்காரன் வேடம் ஏற்ற பதினொரு வயதுச் சிறுமி கேட்டாள்: "மகாராஜா, ஒன்பது மணிக்கு முதுகுல ஊசி, அதனால ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடாதேன்னு ஆணை போட்டீங்க. மணி ஒண்ணு ஆச்சே மகாராஜா, உங்க நாட்டுல கடிகாரம் இல்லையா?" வார்டே சிரித்தது, மருத்துவரும் சிரித்தார். ஆனால் அன்று மாலையே மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் தலைமைச் செவிலியரும் உட்கார்ந்து பேசி, சிறு குழந்தைகளைப் பட்டியலில் முதலில் வைப்பது, முறை தள்ளிப்போகும் பிள்ளைகளுக்கு எந்த நேரம்வரை தண்ணீர் தரலாம் என்று வீட்டாரிடம் தெளிவாகச் சொல்வது என்று ஏற்பாட்டை மாற்றினார்கள். ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் குழந்தையின் பசி எப்படிப்பட்டது என்பதை அறிந்த தாய்மார்கள் அதுவரை இதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நோயாளியின் வாயைக் கட்டிவைக்கும் பயபக்தி நம் ஊரில் அவ்வளவு பலமானது. கூத்து அந்தச் சிறுமிக்குக் கேட்கும் உரிமையைக் கொடுத்தது, கேட்டதைக் கருத்தில் எடுத்துக்கொள்ளும் மனம் அந்த மருத்துவருக்கு இருந்தது. இரண்டில் எது இல்லாவிட்டாலும் ஒன்றும் நடந்திராது.

கலைஞர்கள் மருத்துவத்திடம் கற்றுக்கொள்ள வேண்டியவையும் பல. வில்லியனூர் சுடுமண் சிற்பம் புவிசார் குறியீடு பெற்ற கலை. களிமண்ணைக் குழந்தைகளிடம் கொடுக்க வேண்டும் என்று எந்தக் கைவினைஞருக்கும் தோன்றும். ஆனால் கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் குழந்தைக்கு ஈர மண்ணில் வாழும் பூஞ்சைகள் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் கோதுமை மாவையோ மைதாவையோ அன்றன்றைக்குப் புதிதாகப் பிசைந்து, உப்பும் நிறமும் சேர்த்து, ஆளுக்கொரு உருண்டையாகக் கொடுத்து, முடிந்ததும் எறிந்துவிட வேண்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்த நாளில் கத்தரிக்கோல் வேண்டாம், தாளைக் கிழித்து ஒட்டலாம். வாய்ப்புண் உள்ள நாளில் பாட அழைக்காமல் தாளம் போட அழைக்கலாம். விரல்கள் வலுவிழந்த குழந்தையிடம் மெல்லிய பென்சிலைக் கொடுத்தால் தன்னால் முடியவில்லை என்ற அழுகைதான் மிஞ்சும். தடித்த தூரிகையைக் கொடுங்கள். இவற்றையெல்லாம் கலைஞர் தானாக அறிய வழியில்லை. காலையில் செவிலியர் இரண்டு நிமிடம் ஒதுக்கி இன்று யாருக்கு எது ஆகாது என்று சொல்ல வேண்டும்.

குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாய்க்கு ஊட்ட, துடைக்க, மடியில் வைத்துக்கொள்ள வேலை இருக்கிறது; தந்தைமார்கள் பலர் வார்டு வாசலில் செய்வதறியாது நிற்கிறார்கள். தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவரிடம், உங்களுக்குத் தெரிந்ததைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள் என்று சொன்னோம். ஊசி இல்லாமல், தடித்த புதுக் கயிற்றில், விரலாலேயே வலை முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார். மூத்த அக்காளும் பள்ளி விடுமுறையில் வந்து சேர்ந்துகொண்டாள். நோய் வந்த நாளிலிருந்து பாட்டி வீட்டில் விடப்பட்ட உடன்பிறப்புகளை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். தம்பிக்கு என்ன ஆயிற்று என்று அவர்களிடம் யாரும் சொல்வதுமில்லை.

சொல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானிடவியலாளர் 1970களில் அமெரிக்க மருத்துவமனையொன்றில் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளோடு பழகி, யாரும் சொல்லாமலேயே தாங்கள் இறக்கப் போவதை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்றும், பெற்றோருக்காக அறியாததுபோல் நடித்தார்கள் என்றும் எழுதினார். 2004இல் வெளியான ஸ்வீடன் ஆய்வொன்றில், புற்றுநோயால் குழந்தையை இழந்த பெற்றோரிடம் கேட்டபோது, குழந்தையோடு மரணத்தைப் பற்றிப் பேசிய 147 பேரில் ஒருவரும் அதற்காக வருந்தவில்லை; பேசாத 258 பேரில் 69 பேர் பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். ஸ்வீடன் தாயைப் போல நம் தாய் நேரடியாகப் பேச வேண்டும் என்று நான் வற்புறுத்தமாட்டேன். ஆனால் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது, மாவைப் பிசைந்துகொண்டிருக்கும்போது, முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் பக்கமாக உட்கார்ந்திருக்கும்போது, "நான் செத்துப்போனா என் சைக்கிளை யாருக்குக் குடுப்பீங்க?" என்பது போன்ற கேள்விகள் வருகின்றன. அப்போது பேச்சை மாற்றாமல் அருகில் இருக்கப் பெற்றோரைத் தயார் செய்வது முழுக் குழுவின் கடமை.

ஒரு பெரிய மருத்துவமனையின் வார்டில் மட்டும் இது நடந்தால் போதாது. கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய ஆதரவுச் சிகிச்சை முயற்சி, அக்கம்பக்கத்தாரே நோயாளியின் வீட்டுக்குச் செல்லும் வலைப்பின்னலாக விரிந்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை அளிப்பதும் அடங்கும். அந்த வருகைகளில் குழந்தை நோயாளி இருக்கும் வீட்டுக்கு மருந்துப் பையோடு ஒரு வண்ணப் பெட்டியும் போக வேண்டும் என்பது என் ஆசை.

படங்கள் யாருக்குச் சொந்தம் என்பதிலும் நாம் உறுதியாக இருக்க வேண்டும். அவை குழந்தைக்குச் சொந்தம். மருத்துவக் குழுவுக்குக் காட்டலாமா என்று குழந்தையிடமே கேளுங்கள். மொட்டைத் தலையோடு சிரிக்கும் குழந்தையின் புகைப்படத்தை நன்கொடைக்காகவோ பாராட்டுக்காகவோ வலைத்தளத்தில் போடுவதை நான் ஏற்பதில்லை. குழந்தை இறந்த பின் பெற்றோர் கேட்டால் அது வரைந்த படங்களை அன்றே கொடுக்க வேண்டும். இப்போது பார்க்க முடியாது என்றால், அவர்கள் கேட்கும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

வார்டுக்கு வர விரும்பும் மாணவர்களிடம் நேராகவே சொல்கிறேன். ஒருநாள் வந்து பலூன் கட்டிவிட்டுப் போகிறவர்கள் எங்களுக்கு வேண்டாம். அடுத்த வாரமும் வருவேன் என்று சொன்ன அண்ணனுக்காகக் காத்திருந்து ஏமாறும் பிள்ளையை எங்களால் தேற்ற முடிவதில்லை. ஒரு பருவம் முழுதும் வாரம் ஒருமுறை வர முடியுமானால் பெயர் கொடுங்கள். சளியோ காய்ச்சலோ உள்ள நாளில் வராதீர்கள், தொலைபேசியில் சொன்னால் பிள்ளையிடம் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். உங்களுக்குச் சின்னம்மை வந்திருக்கிறதா என்று இன்றே வீட்டில் கேளுங்கள். வந்ததில்லை என்றால் மருத்துவரைப் பார்த்து இரண்டு தவணைத் தடுப்பூசியையும் போட்டு, உரிய இடைவெளி கழித்து வாருங்கள், ஏனென்றால் அந்த நோய் எங்கள் குழந்தைகளின் உயிரைப் பறிக்கக்கூடியது. முதல் நாள் வண்ணம் எதுவும் எடுத்துவர வேண்டாம். செவிலியரோடு ஒரு முழு ஷிஃப்டு உட்கார்ந்து பாருங்கள்.