சுண்ணாம்புக்கு ஏன் அடைப்புக்குறி?

வணக்கம் நேயர்களே. உயர்நிலை மூன்றில் வேதியியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் தாளும் பேனாவுமாக வானொலி அருகே உட்காரச் சொல்லுங்கள். இன்று சேர்மங்களின் வேதி வாய்பாட்டை எழுதிப் பழகுவோம்.

சிங்கப்பூர்த் தேக்காவில் வெற்றிலையோடு விற்கும் சுண்ணாம்பு, கால்சியம் ஹைட்ராக்சைடு. மின்சுமை பெற்ற அணுவையோ அணுக்கூட்டத்தையோ அயனி என்போம். கால்சியம் அயனியின் மின்சுமை நேர் 2. ஹைட்ராக்சைடுக்கு எதிர் 1. கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும்; ஆகவே ஒரு கால்சியத்துக்கு இரண்டு ஹைட்ராக்சைடு. சிஏ எழுதி, ஓஎச்சை அடைப்புக்குறிக்குள் வைத்து, வெளியே கீழே 2 போடுங்கள். அடைப்புக்குறியை விட்டால் அந்த 2 ஹைட்ரஜனை மட்டுமே சேரும். ஆக்சிஜன் ஒன்று குறைந்துவிடும். சோடியம் ஹைட்ராக்சைடில் ஓஎச் ஒன்றுதான், அங்கே அடைப்புக்குறி வேண்டாம்.

மின்சுமையை எங்கே பார்ப்பது? சாதாரண நிலைத் தேர்வுத்தாளோடு தனிம வரிசை அட்டவணை வரும், ஆனால் அதில் மின்சுமை இருக்காது. தொகுதி என்பது அட்டவணையின் செங்குத்து வரிசை. தொகுதி 1, 2, 13 உலோகங்களுக்கு நேர் 1, 2, 3. தொகுதி 16, 17 அலோகங்களுக்கு எதிர் 2, 1. அம்மோனியம், நைட்ரேட், கார்பனேட், சல்பேட், வெள்ளி, துத்தநாகம் ஆகியவற்றை மனப்பாடம் செய்வதுதான் வழி. இரும்பு, செம்புக்குப் பெயரிலேயே ரோமன் எண் வரும். அது ஓர் அயனியின் மின்சுமை, அணுக்களின் எண்ணிக்கை அல்ல. காப்பர் ரோமன் இரண்டு ஆக்சைடு என்றால் சியு ஓ. சியுவுக்குக் கீழே 2 போடுவது பலரும் செய்யும் பிழை.

ஒன்றின் மின்சுமை எண்ணை மற்றதன் கீழே குறுக்கே மாற்றிப் போடும் குறுக்குவழி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அலுமினியம் ஆக்சைடுக்கு அது சரியாக வரும்: ஏஎல் 2, ஓ 3. மக்னீசியம் ஆக்சைடுக்கோ எம்ஜி 2 ஓ 2 என்று வந்து நிற்கும். சுருக்க மறந்தால் மதிப்பெண் போச்சு. மீச்சிறு பொதுமடங்கு கண்டு எண்ணிக்கை போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பெயரின் வாலையும் கவனியுங்கள். மக்னீசியம் நைட்ரைடில் ஆக்சிஜனே கிடையாது, நைட்ரேட்டில் ஆறு.

இப்போது அலுமினியம் சல்பேட் எழுதி, மொத்த அணுக்களை எண்ணுங்கள். அலுமினியம் நேர் 3, சல்பேட் எதிர் 2. அலுமினியம் 2, கந்தகம் 3, ஆக்சிஜன் 12, ஆகமொத்தம் 17. உங்களுக்கு 46 வந்திருந்தால், அடைப்புக்குறி போடாமல் 4-க்குப் பக்கத்திலேயே 3 எழுதி, ஆக்சிஜனை 43 ஆக்கிவிட்டீர்கள்.