பஸ் போர்டிலிருந்து ஆதாரம் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் மலையாளம் பேச நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சந்தையில் பேரம் பேசுகிறோம், கண்டக்டரோடு சில்லறைக்குச் சண்டை போடுகிறோம். வில்லேஜ் ஆபீசில் ஒரு தாளை நீட்டினால் மட்டும், "தம்பி, இதுல என்ன போட்டிருக்கு?" என்று பக்கத்தில் நிற்கும் பையனைத் தேடுகிறோம். அந்த எழுத்தை ஐம்பது வயதுக்கு மேல் வீட்டிலேயே எப்படிக் கற்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

வயசாகிவிட்டதே என்பவர்களுக்கு ஒரே பதில். ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018இல், தம் 96ஆம் வயதில், எழுத்தறிவுத் தேர்வில் 100க்கு 98 வாங்கினார். மேலே போவோம்.

மலையாளத்தில் மெய்யெழுத்து 36. நம்முடைய 18இல் 17க்கு அங்கே சோடி உண்டு. ந, ன இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் ஒன்று குறைகிறது. ல, வ, ய, ண போன்றவற்றைப் பார்த்ததும் ஓரளவு அடையாளம் தெரியும். கொம்பு முன்னால், கால் பின்னால், ஒகர ஓகாரத்துக்கு இரண்டு பக்கமும் என்று குறிகள் நிற்கும் இடமும் நம்மைப்போலத்தான். ஆகவே பாலபாடத்து வரிசையில் தொடங்காதீர்கள். முதலில் இந்தப் பதினேழு, ஒரு நாளைக்கு நான்கு. நாலு விதக் க, நாலு விதப் ப எல்லாம் அப்புறம்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டாக வெட்டுங்கள். ஒரு பக்கம் மலையாள எழுத்து, மறுபக்கம் தமிழ் எழுத்து. ஐந்து சிறு டப்பா வையுங்கள். சீட்டைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, பிறகுதான் திருப்ப வேண்டும். சரியென்றால் அடுத்த டப்பா. தப்பென்றால், நான்காவதில் இருந்தாலும் முதல் டப்பாவுக்கே திரும்பும். முதல் டப்பா தினமும், இரண்டாவது ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றாவது வாரம் இருமுறை, நான்காவது வாரம் ஒருமுறை, ஐந்தாவது மாதம் ஒருமுறை. ஜெர்மனிக்காரர் லைட்னர் 1972இல் பரப்பிய முறை இது. இருபது நிமிடம் போதும். மறக்கப்போகும் நேரத்தில் முயன்று நினைவுக்குக் கொண்டுவந்தால்தான் எழுத்து மனதில் ஊன்றும். ஒரே எழுத்தை நூறு முறை எழுதிப் பார்ப்பது வீண். பத்தாவது முறைக்குப் பிறகு கை மட்டும்தான் படிக்கிறது.

இந்தப் பக்கத்துக்காரருக்கு உண்மையான எதிரி காதுதான். மொழி ஏற்கெனவே பழக்கமாக இருப்பதால் முதல் எழுத்தைக் கண்டதும் மீதியை வாய் இட்டுக்கட்டிவிடும். 'பால' வரைக்கும் பார்த்து "பாலக்காடு" என்று ஏறினால், வண்டி கோட்டயம் மாவட்டத்துப் பாலாவுக்குப் போவதாக இருக்கலாம். வாசிக்கத் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. இதற்கு நல்ல மருந்து மலையாளப் பத்திரிகையின் சரமப் பக்கம், அதாவது இறப்பு அறிவிப்புப் பக்கம். முகம் தெரியாதவர்களின் பெயர், வீட்டுப்பெயர், ஊர்ப்பெயர் வரிசையாக இருப்பதால் ஊகம் அங்கே செல்லாது. இழவுச் செய்தியில் எழுத்துப் பழகுவதா என்று முகம் சுளிக்கலாம், பலன் இருக்கிறது. தினம் மூன்று அறிவிப்பு படியுங்கள்.

'சிற்றூர்' என்று ஊர்ப்பெயர் போட்ட பஸ் போர்டில் இன்னொரு இடறல். ஒரு ற மேல், ஒரு ற கீழ் என்று அடுக்கியிருக்கும். காது 'த்த' என்று கேட்டுப் பழகியதால் கண் அங்கே த-வைத் தேடும். இத்தகைய கூட்டெழுத்து ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு போடுங்கள்.

எழுத்து வந்தபின் சொல் ஏமாற்றும். 'தாமசம்' என்றால் நமக்குத் தாமதம். விண்ணப்பத்தில் அது குடியிருப்பு. 'அவசரம்' அங்கே வாய்ப்பு. (ஆந்திராவின் சித்தூர், நகரிப் பக்கம் போனால் அதே சொல்லுக்குத் தெலுங்கில் தேவை என்று பொருள்!) மிகவும் ஆபத்தானது 'அவகாசம்'. நாம் கால அவகாசம் என்று எடுத்துக்கொள்வோம். ஆதாரத்தில், அதாவது சொத்துப் பத்திரத்தில், அதற்கு உரிமை என்று பொருள். 'அனந்தராவகாசி' என்றால் வாரிசு. பாகப்பிரிவினைத் தாளில் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டால் என்னவாகும் என்று சொல்ல வேண்டாம். இப்படிப்பட்ட சொற்களை மஞ்சள் சீட்டில் எழுதித் தனியே வையுங்கள்.

தாத்தா காலத்து ஆதாரத்தைக் கடைசிக்கு விடுங்கள். 1971 சீர்திருத்தத்தில்தான் உகர ஊகாரக் குறிகள் மெய்யிலிருந்து பிரிந்து தனியே நின்றன. அதற்கு முன் ஒவ்வொரு மெய்யோடும் ஒட்டி வேறு வேறு உருவம். போதாததற்குக் கையெழுத்துப் பிரதி. அச்சிட்ட நிலவரி ரசீதில் பழகுங்கள். பரப்பு ஆர் கணக்கில் இருக்கும், ஒரு ஆர் ஏறத்தாழ 2.47 சென்ட். ரசீது தடங்கலின்றி வந்த பிறகு, வயதான ஆதாரம் எழுத்துக்காரர் ஒருவரிடம் பழைய தாளின் நகலைக் கொண்டுபோங்கள். படித்துக் காட்டச் சொல்லாதீர்கள். நீங்கள் படியுங்கள், தப்பும்போது மட்டும் அவர் நிறுத்தட்டும்.

வணக்கம்.