குழந்தைக்காக நீதிமன்றத்தில் ஒருவர்

(சியாட்டில் பகுதித் தமிழர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நாம் குடியிருக்கும் இதே கிங் கவுண்டியில் (மாவட்டத்தில்), 1976ஆம் ஆண்டில், டேவிட் சூக்கப் என்ற நீதிபதி தூக்கம் கெட்டுத் தவித்தார். அடித்துத் துன்புறுத்தப்பட்ட, கவனிப்பாரின்றி விடப்பட்ட குழந்தைகளின் வழக்குகள் அவர் முன் வந்துகொண்டிருந்தன. பெரியவர்களின் வாதங்கள் கேட்டன. ஆனால் அந்தக் குழந்தை எப்படிச் சாப்பிடுகிறது, யாரைக் கண்டால் ஒளிந்துகொள்கிறது என்பதை நேரில் பார்த்துச் சொல்ல எவருமில்லை. கையிலிருக்கும் சில தாள்களை வைத்தே, பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று அவர் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. இந்தக் குழந்தைகளுக்காக நீதிமன்றத்தில் பேசத் தன்னார்வலர்கள் கிடைப்பார்களா என்று, ஊர்மக்கள் சிலரை மதிய உணவு வேளையில் கலந்துபேச அழைத்தார். ஏறக்குறைய 50 பேர் வந்துவிட்டார்கள். 1977இல் பணி தொடங்கியது. இன்று நாடெங்கும் ‘காசா’ (CASA – Court Appointed Special Advocate, அதாவது குழந்தையின் நலனுக்காகப் பேச நீதிமன்றம் நியமிக்கும் ஒருவர்) என்று அழைக்கப்படும் தன்னார்வப் பணி அப்படித்தான் பிறந்தது.

இந்தப் பணிக்கு வருகிறவர் வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. 21 வயது நிறைந்திருக்க வேண்டும்; காவல்துறைப் பதிவுகள் உட்பட அவரது பின்னணியைச் சரிபார்ப்பார்கள்; சுமார் 30 மணி நேரப் பயிற்சி உண்டு. பிறகு நீதிபதியின் நியமன ஆணை வரும். அந்த ஆணையைக் காட்டித்தான் பள்ளி ஆசிரியரிடம் பேசுகிறோம், மருத்துவக் குறிப்புகளைப் பார்க்கிறோம், பிள்ளையைத் தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் வளர்ப்புக் குடும்பத்தின் கதவைத் தட்டுகிறோம். சமூகப் பணியாளர் ஒருவரின் மேசையில் பல குடும்பங்களின் கோப்புகள் இருக்கும். தன்னார்வலரிடம் ஒன்றோ இரண்டோ வழக்குகள் மட்டுமே. வழக்கு நடக்கும்போது பணியாளர் மாறலாம், வளர்ப்பு வீடு மாறலாம், அதனால் பள்ளியும் மாறலாம். மாறாத ஒரு முகம் அந்தப் பிள்ளைக்கு வேண்டும்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு சிரமம் இருக்கிறது. பசித்த பிள்ளையைக் கண்டால் வீட்டுக்கு அழைத்து வந்து சோறு போடத்தான் நம் கை பரபரக்கும். இங்கே அதற்கு அனுமதியில்லை. பிள்ளையை நம் வீட்டுக்கு அழைத்துவரக் கூடாது. குடும்பத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது. கடுமையாகத் தோன்றும். ஆனால் தாய்க்கும் வளர்ப்பவருக்கும் போட்டியாக மூன்றாவது ஆளாக நாம் நுழைந்துவிட்டால், நம் சொல்லை நீதிபதி எப்படி நம்புவார்?

நம் உண்மையான வேலை அறிக்கை எழுதுவது. ‘தாய் பொறுப்பில்லாதவர்’ என்று எழுதினால் அது வெறும் அபிப்பிராயம். ‘பிள்ளையைப் பார்க்கத் தாய் வந்தார், பஸ் தவறியதால் இருபது நிமிடம் தாமதம், பிள்ளை ஓடிப்போய் மடியில் ஏறிக்கொண்டது’ என்று எழுதினால் நீதிபதிக்கு ஒரு குடும்பம் தெரியும். இந்த வழக்குகளில் பெரும்பாலானவை அடி உதையால் வருபவை அல்ல, கவனிப்பின்மையால் வருபவை. அதன் பின்னால் வறுமை இருக்கும், போதைப் பழக்கம் இருக்கும், மனநோய் இருக்கும். பிள்ளைக்குப் பாதுகாப்பு உறுதியானால் பெற்றோரிடமே திரும்பச் சேர்ப்பதுதான் முதல் இலக்கு. ‘அமெரிக்க அரசு பிள்ளைகளைப் பிடுங்கிக்கொள்ளும்’ என்று நம் வீடுகளில் பேசிக்கொள்கிறோமே, அந்த அச்சம் உள்ளவர்கள்தான் முதலில் வர வேண்டும் என்பேன். பிரிவின் வலியை அறிந்தவர் எழுத்தில் அவசரம் இருக்காது.

அதே சமயம் காலமும் ஓடுகிறது. 1997ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, கடந்த 22 மாதங்களில் 15 மாதங்களைப் பிள்ளை வளர்ப்புப் பராமரிப்பில் கழித்திருந்தால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பெற்றோர் உரிமையை நீக்கும்படி மாநிலம் மனு செய்ய வேண்டும். சிகிச்சைக்கு இடம் கிடைக்காமல் காத்திருக்கும் தாய்க்கு இந்தக் கணக்கு இரக்கம் காட்டாது. அந்த இடம் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டு, அதை அறிக்கையில் எழுதி, நீதிபதியின் கண்ணில் படவைப்பதும் நம் கடமை.

‘என் ஆங்கில உச்சரிப்பை நீதிமன்றத்தில் ஏற்பார்களா’ என்று ஒரு சகோதரி கேட்டார். கட்டாயம் ஏற்பார்கள், அம்மா. தெளிவாகப் பார்த்ததைத் தெளிவாக எழுதினால் போதும்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு வழக்கு ஓராண்டுக்கு மேலும் நீளலாம். சில மாதங்களில் வேலை மாறி வேறு ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால், இப்போது பெயர் கொடுக்காதீர்கள். போய்ச் சேர்ந்த ஊரில் நிலைத்த பிறகு, அந்தக் கவுண்டியில் கேளுங்கள். இங்கேயே இருக்கப் போகிறவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று உட்கார்ந்து பேசலாம்.