இரண்டு டாக்டர், ஒரே உடம்பு

நேயர்களே, வணக்கம். மருந்துக் கவுண்டரில் நிற்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பிரஷர் டாக்டர் எழுதியதும், யூரின் டாக்டர் எழுதியதும், கண் டாக்டர் எழுதியதும் கடைசியில் அவன் கைக்குத்தான் வந்து சேரும். ஒரு மருந்தாளுநராக இன்றைக்கு நான் பேச வந்திருப்பது, அறுபதைத் தாண்டிய ஆண்கள் பலர் சேர்த்துச் சாப்பிடும் இரண்டு மாத்திரைகளைப் பற்றி. ஒன்று பிரஷருக்கு, இன்னொன்று புராஸ்டேட் வீக்கத்துக்கு.

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கிறது. வயதாக ஆக அது பெருத்துக் குழாயை நெருக்கும். சொட்டுச் சொட்டாகப் போகும், போய்விட்டு வந்தாலும் மிச்சம் இருப்பது போலத் தோன்றும். இதற்குப் பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது டாம்சுலோசின். சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் வாயிலும் உள்ள தசையை அது தளர்த்தும், வழி விடும். இதே வகைத் தசை ரத்தக் குழாய்ச் சுவரிலும் இருக்கிறது, சிக்கலும் அங்கேதான். இந்தக் குடும்பத்தில் மூத்ததான பிரசோசின், 1970களில் பிரஷர் மருந்தாகவே வந்தது. டாம்சுலோசின் புராஸ்டேட் பக்கம் அதிகம் சாய்ந்த மருந்துதான். ஆனாலும் பிரஷரை அது தொடவே தொடாது என்று சொல்ல முடியாது.

"அப்படியானால் அந்த ஒரே மாத்திரையில் ரெண்டும் சரியாகிவிடாதா தம்பி?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரஷர் நோயாளிகளை வைத்து 'ஆல்ஹாட்' என்று ஓர் ஆய்வு நடந்தது. அதில் இதே குடும்பத்தைச் சேர்ந்த டாக்ஸசோசினும் ஒரு பிரிவினருக்குக் கொடுக்கப்பட்டது. சிறுநீரை அதிகம் போக வைத்துப் பிரஷரைக் குறைக்கும் பழைய, மலிவான நீர் மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், டாக்ஸசோசின் சாப்பிட்டவர்களுக்கு இதயச் செயலிழப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2000ஆம் ஆண்டில் அந்தப் பிரிவை மட்டும் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே பிரஷருக்குத் தனி மாத்திரை வேண்டும்தான்.

ராத்திரிதான் கவனம். பிரஷர் மாத்திரையும் டாம்சுலோசினும் உள்ளே இருக்க, இரண்டு மணிக்கு முட்டிக்கொண்டு வருகிறது, சடாரென்று எழுந்து ஓடுகிறார். எழுந்த வேகத்தில் ரத்த அழுத்தம் இறங்கும், நின்றபடி சிறுநீர் கழிக்கையில் இன்னும் இறங்கும். கண் இருட்டி, பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் எத்தனை பேர்! எழுந்ததும் கட்டிலிலேயே ஒரு நிமிஷம் காலைத் தொங்கப்போட்டு உட்காருங்கள். ராத்திரியில் உட்கார்ந்தே போங்கள், இதில் வெட்கம் எதற்கு? டாம்சுலோசினைத் தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் மருந்து அதிகமாக ரத்தத்தில் ஏறித் தலைசுற்றல் கூடும். கேப்ஸ்யூலைப் பிரித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது. பிரஷர் பார்க்கும்போது உட்கார்ந்த நிலையில் மட்டுமல்ல, எழுந்து நின்ற பிறகும் ஒரு தடவை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் எண் இருபதுக்குக் குறையாமல் இறங்கியிருந்தால் டாக்டர் மருந்தைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

ராத்திரி பலமுறை எழுந்தாலே புராஸ்டேட்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பிரஷர் மாத்திரையே காரணமாக இருக்கலாம். உங்கள் மாத்திரைப் பெயரின் கடைசியில் 'எச்' என்ற எழுத்து இருந்தால், பெரும்பாலும் அதில் நீர் மாத்திரை கலந்திருக்கிறது. அதைச் சாயங்காலம் போட்டால் தூக்கம் போச்சு. காலையில் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை இன்னும் நுணுக்கமானது. சிலருக்கு அதனால் கணுக்காலில் நீர் கோத்து வீங்கும். படுத்ததும் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பி, நடு ராத்திரியில் சிறுநீராக வரும். கால் வீக்கத்தை ஒரு டாக்டரிடமும், ராத்திரி எழுவதை இன்னொரு டாக்டரிடமும் சொன்னால் இரண்டையும் யார் முடிச்சுப் போடுவது? பழைய சீட்டு, புதுச் சீட்டு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

சளி பிடித்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரையிலும் ஜாக்கிரதை. மூக்கடைப்பை நீக்கும் மருந்து பிரஷரை ஏற்றும், சிறுநீர்ப்பை வாயை இறுக்கும். கூடவே இருக்கும் குளோர்பெனிரமின் என்ற அலர்ஜி மருந்து சிறுநீர்ப்பையைச் சோம்ப வைக்கும். புராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீர் அடியோடு அடைத்து, டியூப் போட ஆஸ்பத்திரிக்கு ஓடும்படி ஆகும்.

பிரஷர் நார்மலுக்கு வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: நார்மலுக்கு வந்ததே அந்த மாத்திரையால்தான்.

இன்னொன்று, கண்புரை ஆபரேஷன். டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபரேஷன் நடக்கும்போது கருவிழித் திரை தொளதொளத்து அலையும், கண் பாப்பா சுருங்கும் என்று 2005இல் கண்டறிந்து எழுதினார்கள். முன்பு எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியவர்களுக்கும் இது வரலாம். அதனால் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவதில் பிரயோசனம் இல்லை. கண் முகாமுக்குப் போனாலும் சரி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, "யூரினுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முன்கூட்டித் தெரிந்தால் அதற்கான மருந்தையும் கருவியையும் டாக்டர் தயாராக எடுத்து வைத்துக்கொள்வார். வணக்கம்.