பெட்டியில வந்த டெக்கை அப்பிடியே விளையாடுங்கோ!

வணக்கம் உறவுகளே! பின்னால கேக்கிறது மழை. ஜன்னலைச் சாத்தினா வேர்க்குது, திறந்தா சத்தம். அப்ப இப்பிடியே கதைப்பம். போன வீடியோவில மெஜிக் த கதரிங் எண்ட காட் விளையாட்டின்ர டெக், அதாவது விளையாடத் தயாரா வாற காட்டுக் கட்டு, நாலு பெட்டியையும் உடைச்சுக் காட்டினனான் தானே, அதுக்குக் கீழ வந்த கொமெண்ட்டுகளை வாசிச்சதில இருந்து எனக்குச் சரியான எரிச்சல். முக்கால்வாசிப் பேர் ஒரே கதை. "முதல்ல பத்துக் காட்டைக் கழட்டிப்போட்டு நல்லதாப் போடுங்கோ, பிறகு விளையாடுங்கோ." ஏன்? ஒருக்காக் கூட விளையாடிப் பாக்காத டெக்கில எது நல்லது, எது கூடாது எண்டு எப்பிடித் தெரியும்? இந்தப் போயா லீவுக்கு நாலு பேரும் இருந்து, ஒரு காட்டும் மாத்தாம விளையாடினம். அவ்வளவு நல்லா இருந்தது. அதைச் சொல்லத்தான் இண்டைக்கு வந்தனான்.

ஆனா அதுக்கு முதல் ஸ்லீவ் கதை, காட்டுக்குப் போடுற பிளாஸ்ரிக் உறை. இதைச் சொல்லாம எனக்கு மனம் ஆறாது.

கொமாண்டர் எண்டது ஒரு தலைவன் காட்டை முன்னுக்கு வைச்சு விளையாடுற மெஜிக் வகை, அந்தத் தலைவனுக்கும் கொமாண்டர் எண்டுதான் பேர். கொமாண்டர் டெக் எண்டா 100 காட். நாலு டெக், 400 காட். எங்கட ஊர் உப்புக்காத்தில வெறும் காட்டை வைச்சுக் குலுக்கினா கொஞ்ச நாளில ஓரமெல்லாம் வெளுத்துப் போகும். அதால ஒன்லைன்ல ஒரு ஆளிட்ட ஸ்லீவ் எடுத்தன். ஆரெண்டு சொல்லமாட்டன், கேக்காதேங்கோ. ஒரு கட்டு 1,650 ரூபா, மேல டெலிவரிக்கு 450. வந்ததைப் பாருங்கோ. இந்தா, அடிமட்டம் வைச்சுக் காட்டுறன். மெஜிக் காட் 63 மில்லிமீற்றர் அகலம், 88 உயரம். வந்த ஸ்லீவ் 59க்கு 86 காட் போடுற சின்ன அளவு, யூகியோ எண்ட வேற காட் விளையாட்டின்ர அளவு! நாலு மில்லிமீற்றர் எண்டு லேசா நினைக்காதேங்கோ, காட்டின்ர மூலை கூட உள்ளுக்குப் போகாது. போட்டோ எடுத்து அனுப்பினன். அதுக்கு வந்த பதில், "கொஞ்சம் தள்ளிப் பாருங்கோ, போகும்." தள்ளிப் பாக்கிறதோ? 63 எப்பிடி 59க்குள்ள போகும்? விக்கிற சாமான்ர அளவு தெரியாம ஏன் விக்கிறீங்கள்? "எல்லாக் காட்டுக்கும் பொருந்தும்" எண்டு பக்கத்தில போட்டிருக்கிறீங்கள், அதை ஒருக்கா அளந்து பாத்துட்டுப் போட்டா என்ன? காசும் திரும்பி வரேல்ல. கடைசியில கொழும்பில இருந்து வந்த சித்தப்பாவிட்டச் சொல்லிச் சரியான அளவு எடுப்பிச்சன். சின்ன ஸ்லீவெல்லாம் பக்கத்து வீட்டில யூகியோ விளையாடுற பெடியனுக்குக் குடுத்தாச்சு. அவனுக்குச் சந்தோசம். ஸ்லீவ் வாங்க முதல் பெட்டியில போட்டிருக்கிற மில்லிமீற்றரைப் பாருங்கோ, சும்மா "ஸ்டாண்டர்ட்" எண்ட சொல்லை நம்பாதேங்கோ.

சரி, விளையாட்டுக்கு வாறன். எங்களிட்ட இருக்கிறது 2022இல வந்த ஸ்டார்ட்டர் கொமாண்டர் டெக்குகள். மொத்தம் அஞ்சு வந்தது, எங்களிட்ட நாலு. நான் க்ரேவ் டேஞ்சர், அதாவது ஸொம்பி டெக். கொமாண்டர் கீஸா அண்ட் ஜெரால்ஃப். மச்சான் ட்ரக்கோனிக் டிஸ்ட்ரக்ஷன், அதில அட்டார்க்கா எண்ட பெரிய ட்ராகன். தங்கச்சி ஃபர்ஸ்ட் ஃப்ளைட், அவளின்ர கொமாண்டர் இஸ்பீரியா. அக்காட மகன் கேயொஸ் இன்கார்னேட், அதுக்குக் கொமாண்டர் கார்டூர். இந்த அஞ்சிலயும் புதுசா அடிச்ச காட் ஒண்டும் இல்லை, எல்லாம் முந்தி வந்த காட்டுகள்தான். அதை வைச்சுச் சிலர் பழிக்கினம். எனக்கு அதுதான் பிடிச்சது. காட்டை வாசிச்ச உடன விளங்குது, அரைப்பக்கம் எழுத்து இல்லை.

ஐயோ, ஒண்டு சொல்லாம வந்திட்டன். ஸ்லீவோட சேத்துச் சொல்லவேண்டிய விசயம் இது. ஒவ்வொரு பெட்டியிலயும் கொமாண்டர் காட் ஃபொயில், மினுங்கும். இந்த மழைக்கு அந்த நாலு ஃபொயிலும் அப்பம் மாதிரி ஓரம் எழும்பி வந்திட்டுது. காட்டின்ர முகப்பக்கம் ஃபொயில், அது ஈரத்தை இழுக்காது. பின்பக்கக் கடதாசி இழுத்து விரியும். விரிஞ்சா காட் முகப்பக்கமா வளையும். கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில மற்றப்பக்கம்! கடதாசி காஞ்சு சுருங்க, பின்பக்கமா வளையும். இதுக்கு வழி கண்டுபிடிச்சிட்டன். மெயின் ஸ்ரீட்டில சப்பாத்துக் கடையில பெட்டிக்குள்ள போட்டுவாற அந்தச் சின்ன சிலிக்கா பக்கெற்றுகளைக் கேட்டன், ஒரு பிடி அள்ளித் தந்திச்சினம், காசு எடுக்கேல்ல. ஐஸ்கிறீம் பெட்டிக்குள்ள அதைப் போட்டு, டெக்கையும் வைச்சு மூடினன். இந்தா பாருங்கோ அட்டார்க்கா, மேசையில தட்டையா நிக்குது! ஒரு சதம் செலவில்லை. ஆனா காட் நேரானதும் பக்கெற்றுகளைக் குறைச்சுப் போடுங்கோ, மிஞ்சிக் காஞ்சாலும் வளையும். கச்சான் காலத்தில போடவே வேண்டாம்.

இப்ப போயா அண்டைக்கு நடந்ததைக் கேளுங்கோ. மச்சான் முதல் சுத்திலயே ஸோல் ரிங்கை வைச்சான். எனக்குப் பிடிக்காத காட் எண்டா அதுதான். மானா எண்டா காட்டை இறக்கக் குடுக்கிற சக்தி. ஒரு மானா குடுத்து இதை வைச்சா, சுத்துக்கு ரெண்டு மானா தரும். எல்லாக் கொமாண்டர் பெட்டிக்குள்ளயும் போட்டு வைச்சிருக்கிறாங்கள். கழட்டச் சொல்லேல்ல நான். ஆனா ஆர் முதல் சுத்தில அதை வைச்சாலும் அவரை மற்ற மூண்டு பேரும் சேந்து அடிக்கோணும், அதுதான் ஞாயம். அப்பிடியே செய்தம். ஒவ்வொருத்தருக்கும் 40 லைஃப், அவனை 15க்குக் கொண்டுவந்திட்டம். ஆனா அதுக்கிடையில அட்டார்க்கா இறங்கிட்டுது. ஏழு மானா, பறக்கும், பலம் 6. ட்ராகன் அடிக்கப் போகேக்க ரெண்டு தரம் அடிக்கும், அப்ப 12. தங்கச்சிக்கு 12 விழுந்தது. அவளுக்கு ஆறாவது லேண்ட், அதாவது மானா தாற காட், வராம இஸ்பீரியாவை இறக்கேலாம நிண்டாள்.

இப்ப அக்காட மகன். அவன் சத்தமில்லாம இருந்து கார்டூரை வைச்சான். கார்டூர் வந்தா, அவன்ட அடுத்த சுத்து வரைக்கும் மற்ற எல்லாருடைய உருவங்களும் அடிச்சே ஆகோணும், அதுவும் அவனை விட்டிட்டு வேற ஆளை! மச்சான் அட்டார்க்காவைத் திரும்பத் தங்கச்சிக்கு விட்டான். இன்னொரு 12, மொத்தம் 24. அவள் அவுட். "எனக்கு இன்னும் 16 லைஃப் இருக்கு, நான் ஏன் போகோணும்?" எண்டு நிண்டாள். ஒரே கொமாண்டரிட்ட 21 அடி வாங்கினா லைஃப் எவ்வளவு இருந்தாலும் வெளியதான். அந்த 21 எங்கயிருந்து வந்தது எண்டா, இந்தக் கொமாண்டர் விளையாட்டு 90களில அலாஸ்காவில எல்டர் ட்ராகன் ஹைலாண்டர் எண்டு தொடங்கினது. 1994இல வந்த எல்டர் ட்ராகன்கள் அஞ்சும் பலம் 7. மூண்டு அடி அடிச்சா 21. பிறகு ஷெல்டன் மெனரி எண்ட நடுவர் இதைப் பரப்பினார், மெஜிக் அடிக்கிற கொம்பனி 2011இலதான் முதல் கொமாண்டர் பெட்டிகளை விட்டது. ஆக்கள் சும்மா பொழுதுபோக்கா விளையாடக் கண்டுபிடிச்சது இது. அதுக்குள்ள கொண்டுவந்து போட்டியைப் புகுத்தினா எனக்குக் கோவம் வராதோ?

சரி, என்ட சுத்து. என்ட ஸொம்பிகளும் அடிச்சே ஆகோணும், சின்னவனை அடிக்கேலாது, மிச்சம் மச்சான் மட்டும். அவன்ட எல்லாம் அடிச்சு டப் ஆகி, அதாவது காட் பக்கவாட்டாத் திரும்பி நிக்குது, தடுக்க ஒண்டும் இல்லை. மச்சான் அவுட்! ஆனா இப்ப என்ட ஸொம்பியெல்லாம் டப். சின்னவன் வெறும் மேசையில வந்து அடிக்கத் தொடங்கினான். கீஸா அண்ட் ஜெரால்ஃபால ஒவ்வொரு சுத்தும் கிரேவ்யார்ட்டில, செத்த காட்டுகள் போற குவியலில, இருந்து ஒரு ஸொம்பியைத் திரும்ப எடுத்து விளையாடலாம், அதை வைச்சுக் கனநேரம் இழுத்தன். கடைசியில அவன் வெண்டான். பெட்டியில வந்தமாதிரியே, ஒரு காட் மாத்தாத டெக்! அதைத்தான் சொல்லுறன். மச்சான் அண்டைக்கு ட்ராகன் டெக்கில பத்து விலைகூடின காட் போட்டிருந்தா சின்னவன் கார்டூரை இறக்க முதலே விளையாட்டு முடிஞ்சிருக்கும். 2025இல டெக்குகளைப் பலத்தைப் பொறுத்து அஞ்சு படியாப் பிரிச்சவை, பெட்டி டெக் பொதுவா ரெண்டாம் படி. நாலு பேரும் ஒரே படியில நிண்டாத்தான் விளையாட்டு. ஒருத்தர் மட்டும் ஏறினா மற்ற மூண்டு பேரும் வேடிக்கை பாக்கோணும்.

அப்பாவை விட்டிட்டன்! அவர் சோடி சேந்து ஆடுற 304 எண்ட சீட்டு விளையாடுற ஆள், உங்களுக்குத் தெரியும். பின்னேரம் டூ ஹெடட் ஜயண்ட் போட்டம், ரெண்டு ரெண்டு பேரா, சோடிக்கு 30 லைஃப், சேந்து ஒரே சுத்து. சோடி எண்டதும் அப்பா வந்து குந்திட்டார். ஆனா இதில கையில இருக்கிற காட்டைப் பார்ட்னருக்குக் காட்டலாம், கதைச்சுக் கேக்கலாம். "பார்ட்னருக்குக் கையைக் காட்டுறதோ? அப்ப என்னத்துக்கு மூளை?" எண்டு எழும்பிப் போயிட்டார். அந்த விசயத்தில நான் அப்பா பக்கம்தான். எனக்கும் அது அவ்வளவாப் பிடிக்கேல்ல.

பெட்டி வாங்கக் காசில்லை எண்டு எழுதின தம்பிமாருக்கு: போப்பர் கொமாண்டர் பாருங்கோ. 99 காட்டும் கொமன், அதாவது லேசாக் கிடைக்கிற காட், கொமாண்டர் மட்டும் அன்கொமன், அதைவிடக் கொஞ்சம் அரிது. லைஃப் 30, கொமாண்டர் அடி 16. கொமன் காட்டை ஆக்கள் கட்டுக்கட்டா வைச்சிருக்கினம், கேட்டா மலிவாத் தருவினம். அடுத்த வீடியோவுக்கு நான் அப்பிடி ஒண்டு கட்டுறன்.

அஞ்சாவது பெட்டி டோக்கன் ட்ரையம்ஃப், பச்சை வெள்ளை, எம்மாரா கொமாண்டர். மட்டக்களப்பிலயோ யாழ்ப்பாணத்திலயோ ஆரிட்டயும் இருந்தா கீழ எழுதுங்கோ. காட் மாத்தாம இருக்கோணும், மாத்தின டெக் எனக்கு வேண்டாம். அடுத்த போயாவுக்கு அஞ்சு பேரா இருந்து விளையாடுவம்.